அஞ்சிலைச் செடி

நவம்பர் 18

எனக்கு எண்ணத் தெரியாதாம். இன்று எல்லோர் முன்னாலும் மேஸ்திரி சொல்லிவிட்டார். ஒன்பதாம் வகுப்பு வரை போனவளுக்கு மூன்றுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் தெரியாதாம்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். வாயால் சொல்ல முடியாததை இங்கேயாவது சொல்ல வேண்டும்.

காலையில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது போஜன் கவுடர் வந்தார். முன்பு கேரட் போட்டவர். இந்த வருடம்தான் முதல்முறையாக ஸ்ட்ராபெரிக்கு மாறி, எங்கள் நர்சரியில் நாற்று வாங்கிப்போனார். கையில் வேரோடு பிடுங்கிய ஒரு செடி. அதில் மஞ்சள் பூ.

"ஸ்ட்ராபெரி வெள்ளையாத்தான் பூக்கும்னு பக்கத்துத் தோட்டக்காரன் சிரிக்கறான். இது என்னா? நீங்களே சொல்லுங்க" என்றார்.

யாரும் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரியும். நர்சரி முதலாளி மேடம் கேட் பக்கத்தில் அழகுக்கு வைத்திருக்கும் செடிதான். மேடத்தின் பலகையில் 'பொட்டன்டில்லா' என்று இருக்கும். நாங்கள் அஞ்சிலை என்போம், ஒரு காம்பில் கைவிரல்போல் ஐந்து இலை விரிவதால். ஸ்ட்ராபெரிக்கு மூன்றுதான். கவுடர் தோட்டத்தில் பாதி ஸ்ட்ராபெரி, பாதி அஞ்சிலை.

மேஸ்திரி பிச்சமுத்து செடியை வாங்கிப் பார்த்தார். நான் இருந்த பக்கம் திரும்பினார். "ட்ரேயில நட்டது இந்தப் புள்ளதான். பள்ளிக்கூடத்துல பாதியில நின்னது. மூணு எது அஞ்சு எதுன்னு எண்ணத் தெரியல. நான் என்ன பண்ண?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. காது சுட்டது, அவ்வளவுதான். கூட வேலை செய்யும் ரெஜினாக்கா வேறு, "மகாராணி வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்" என்றாள். என் பெயர் யோகராணி. அதில் அவளுக்கு ஒரு சிரிப்பு.

கவுடர் செடியைத் தரையில் வீசிவிட்டுப் போனார். எல்லோரும் போன பிறகு எடுத்துவந்து எண்ணெய் டின்னில் நட்டிருக்கிறேன். சாட்சிக்கு.


நவம்பர் 19

எண்ணத் தெரியாதவள் சொல்கிறேன். எங்கள் வேலை எப்படி என்று தெரிந்தால் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள்.

ஸ்ட்ராபெரித் தாய்ச்செடி கொடி விடும். கொடியின் கணுவில் குட்டிச்செடி வேர் பிடிக்கும். கொடியை அறுத்துக் குட்டியை எடுப்பது ஒருவர் வேலை. எடுத்ததும் விரிந்த இலை எல்லாவற்றையும் நறுக்கிவிட வேண்டும். இலை இருந்தால் தண்ணீரை இழுத்துச் செடி வாடும். நடுக்குருத்து மட்டும்தான் மிஞ்சும், குண்டூசிபோல மடங்கி. அதைத்தான் எனக்குக் கூடையில் தருவார்கள். நான் ட்ரேயில் நடுவேன்.

அதாவது என் கைக்கு வரும்போது இலையே இருக்காது. இல்லாத இலையை எப்படி எண்ணுவது?

கொடி அறுத்து இலை நறுக்குவது அம்மா. அம்மாவின் கை தப்பாது என்று மேஸ்திரியே எல்லோரிடமும் சொல்வார். செங்கமலம் தூங்கிக்கொண்டே அறுப்பாள் என்பார். உண்மைதான். அம்மா கத்தியைப் பார்ப்பதே இல்லை, கூடையையும் பார்ப்பதில்லை. விரலால் தடவுவாள், சடக்கென்று அறுப்பாள்.

அதனால் தப்பு அம்மாவுடையது இல்லை. என்னுடையதும் இல்லை. வேறு யாருடையது என்று யோசிக்க வேண்டும்.


நவம்பர் 22

கண்டுபிடித்துவிட்டேன். தாய்ச்செடிகள் வளரும் தாய்ப்பாத்திக்குப் போய்ப் பார்த்தேன். பாத்தி ஓரத்தில் அஞ்சிலையை வைத்திருக்கிறார்கள், போன வருடம் மேஸ்திரி சொல்லி. கேட்டில் மீந்துபோன செடிகளைப் போட இடமில்லை என்று. அதுவும் கொடி ஓடும் சாதி. ஓடி ஓடி ஸ்ட்ராபெரிக்குள் நுழைந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கிறது. மழை முழுக்க யாரும் களை எடுக்கவில்லை. எடுக்க மேஸ்திரி ஆளே அனுப்பவில்லை.

அது மட்டுமா? ட்ரேயை வண்டியில் ஏற்றும்போது பார்த்து அனுப்புவது அவர் வேலை. அதற்குள் புது இலை விரிந்திருக்கும். அவர் பார்த்தாரா? டீ குடித்தபடி "ஏத்து ஏத்து" என்றது எனக்கு நினைவிருக்கிறது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவிடம் மட்டும்தான் எனக்குப் பேச்சு வரும். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அதெல்லாம் இருக்கட்டும். நீ கொஞ்சம் பாத்து நட்டிருக்கலாம்ல?" என்றாள்.

அம்மாவும்.

சோற்றில் கல். ஒரு வாய்க்கு இரண்டு. நான் ஒன்றும் சொல்லாமல் துப்பிவிட்டுச் சாப்பிட்டேன்.


நவம்பர் 27

இன்றும் ஊமைராணி என்றார்கள்.


டிசம்பர் 3

தாய்ப்பாத்தியில் உள்ள அஞ்சிலை முழுவதையும் நான்தான் பிடுங்க வேண்டும் என்று உத்தரவு. தண்டனையாம். விரல் எல்லாம் வெடித்துவிட்டது. இந்தச் செடியை இழுத்தால் வராது. கொடி மெல்லிசு, சிவப்பு நூல்போல் இருக்கும், பட்டென்று அறும். ஆனால் வேர் கட்டை, ஆழத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். மேலே அறுத்துப் போட்டால் கீழேயிருந்து மறுபடி வருகிறது. ஒரு வருடத்தில் சாகிற சாதி இல்லை. வேரை வெட்டினால் உள்ளே சிவந்துவிடுகிறது, ரத்தம் கட்டியதுபோல.

வயிற்றெரிச்சல் எதில் என்றால், நான் இங்கே களை என்று பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே, கேட்டில் டூரிஸ்ட்டுகளுக்கு இதையே தொட்டியில் வைத்து விற்கிறார்கள். வெயில் படுகிற இடத்தில் வையுங்கள், தண்ணீர் தேங்கக் கூடாது, பூத்து முடிந்ததும் கத்தரித்துவிடுங்கள், மறுபடி பூக்கும் என்று ரெஜினாக்கா பாடம் ஒப்பிக்கிறாள். அவர்களும் மஞ்சள் பூவைப் படம் எடுத்துக்கொண்டு வாங்கிப்போகிறார்கள். கேட்டவருக்குக் கொடுத்தால் பூச்செடி. கேட்காத கவுடர் தலையில் கட்டினால் அது என் தப்பு.

சாயங்காலம் திரும்பும்போது வழியில் மேஸ்திரியின் சம்சாரம் எதிரே வந்தாள். சிரித்தாள். அம்மா நேராகப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள். அவள் பின்னால் நின்று, "பெரிய திமிரு" என்றது எனக்குக் கேட்டது. அம்மா திமிர் பிடித்தவள் இல்லை. யாராவது கூப்பிட்டால் நின்று பேசுவாள். கூப்பிட்டிருக்கலாம் அல்லவா? வாயைத் திறக்காமல் சிரித்தால் எப்படி?


டிசம்பர் 9

அம்மாவுக்கு ஈறு வீங்கி, வாயெல்லாம் புண். ரெஜினாக்கா டின்னில் இருக்கும் என் செடியைப் பார்த்துவிட்டு, "இதோட வேரத் தட்டிப்போட்டுக் கொதிக்க வெச்சு, வாய் கொப்பளிக்கச் சொல்லுடி. மேல சோலைக்கிட்ட தானா மொளைக்குதே, அதுவும் இந்தச் சாதிதான். எங்க வீட்ல அதத்தான் வெப்பாங்க. முழுங்கிடப் போறாங்க, துப்பச் சொல்லு" என்றாள்.

ரெஜினாக்கா நல்லவளா கெட்டவளா என்று எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை.

சாட்சியை வெட்ட மனமில்லை. பிடுங்கிப் போட்ட குவியலில் இருந்து வேர் எடுத்தேன். கொதித்ததும் தண்ணீர் டீச்சாயம்போல் ஆனது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். துவர்ப்பு என்றால் அப்படி ஒரு துவர்ப்பு, பாக்கு எல்லாம் கிட்டே வரமுடியாது. அம்மா கொப்பளித்துவிட்டு, "வாயே சுருங்கிப் போச்சுடி. உன்ன மாதிரி ஆக்கிட்ட" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தது, காட்டவில்லை.

டம்ளரைக் கீழே வைக்கும்போது அடுப்பு மேடையில் வைக்காமல் காற்றில் வைத்தாள். உடைந்துவிட்டது. கை வழுக்கியிருக்கும்.


டிசம்பர் 15

உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை. பக்கத்துத் தேயிலையில் இளஞ்செடிகளைத் தாகை என்னும் காட்டுப் பெரணியை வெட்டிப் போட்டு மூடியிருக்கிறார்கள். டின்னில் இருந்த என் அஞ்சிலை மேலே முழுக்கக் கருகிவிட்டது. போகட்டும் என்று விட்டேன். பிறகு மண்ணைக் கிளறிப் பார்த்தேன். வேரும் குருத்தும் உயிரோடுதான் இருக்கின்றன. கூரைத் தகரத்தின் கீழே நகர்த்தி வைத்தேன்.

ரெஜினாக்கா இன்று கேட்டாள். "நீ எதுக்குடி பள்ளிக்கூடத்த விட்ட? கூச்சப்பட்டா?"

தலையாட்டினேன். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இருக்கட்டும்.

அந்த வருடம் காலையில் அம்மா தனியாக வேலைக்குப் போகப் பயந்தாள். மூடுபனியில் பாதை தெரியவில்லை, துணைக்கு வாடி என்றாள். முதலில் நர்சரி கேட் வரை விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். தினமும் தாமதம். ஏன் தாமதம் என்று வாத்தியார் கேட்டார். சொல்லவில்லை. வெளியே நிற்கவைத்தார். பிறகு நான் போகவில்லை, அம்மாவோடு நர்சரிக்குள்ளேயே வந்துவிட்டேன்.

அந்த வருடம் மூடுபனி அதிகம். அதற்கடுத்த வருடமும்.


டிசம்பர் 20

ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். அம்மா கேட்கவில்லை, நானே கொடுத்தேன்.


டிசம்பர் 23

ரெஜினாக்கா சொன்ன செய்தி. மேடம் கோயம்புத்தூரில் இருந்து கிறிஸ்துமஸுக்குப் பிறகு வருகிறாராம். கவுடரும் வருவாராம். யாரால் நாற்று மாறியது என்று மேடம் கண்டுபிடித்து, அந்த ஆளை நிறுத்திவிடப் போகிறாராம். கவுடருக்கு அந்த வாக்குக் கொடுத்துத்தான் சமாதானம் செய்திருக்கிறாராம். அதற்குப் பரீட்சை ஒன்று வைக்கச் சொல்லி யோசனை கொடுத்தது மேஸ்திரி. இரண்டு கொடியையும் கலந்து மேசையில் கொட்டி, ஒவ்வொருவராகப் பிரிக்க வேண்டும். பிரிக்கத் தெரியாதவர்தான் குற்றவாளி.

பத்துப் பேர் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்குத்தான் இது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! பாத்தியில் களை எடுக்க இந்த மூளை எங்கே போயிருந்தது?

நடுங்கினாலும் பிரித்துவிடுவேன். அஞ்சிலைக் கொடி சிவப்பு, மெல்லிசு. ஸ்ட்ராபெரி தடிமன், ரோமம் உண்டு. அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள். கூடை கூடையாகப் பிரிப்பேன். அந்தப் பரீட்சையில் நான் ஜெயித்துவிடுவேன்.

நான் ஜெயித்தால் வேறு யாராவது தோற்க வேண்டும்.

நாங்கள் இருக்கும் லைன் வீடு நர்சரியுடையது. அப்பா போன பிறகு அம்மாவின் வேலைக்காகத்தான் அதில் இருக்கவிட்டார்கள்.


டிசம்பர் 24

அம்மாவிடம் பரீட்சை பற்றிச் சொன்னேன். "சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வெளிச்சத்துல வெப்பாங்களா, ஷெட்டுக்குள்ளயா?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஏன் என்று எழுதமாட்டேன்.


டிசம்பர் 28

எல்லாம் முடிந்துவிட்டது. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பேக்கிங் ஷெட்டுக்குள்தான் வைத்தார்கள். மேடம் நாற்காலியில். கவுடர் நின்றுகொண்டிருந்தார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேசையில் சாக்கு விரித்து, இரண்டு கொடியும் இலையோடு கலந்து கிடந்தன. நான் முதல் ஆளாகக் கூப்பிடப்படுவேன் என்று கதவருகே நின்றேன்.

மேஸ்திரி, "செங்கமலம், நீ மொதல்ல செஞ்சு காட்டு. மத்ததெல்லாம் பாத்துக் கத்துக்கட்டும்" என்றார். அவர் நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

அம்மா போனாள். மேசை எங்கே இருக்கிறது என்று அவள் கை முன்னால் போய்த் தேடியது. அதை நான் மட்டுமல்ல, ரெஜினாக்காவும் பார்த்தாள்.

"நான்தான்!"

யாரோ கத்தினார்கள் என்று நினைத்தேன். நான்தான் கத்தியிருக்கிறேன். எல்லோரும் திரும்பினார்கள். மேஸ்திரி வாயைப் பிளந்தார்.

"நான்தான் மேடம் மாத்தி நட்டேன். அம்மா செய்ய வேணாம். என்னையே நிறுத்திடுங்க."

"பாத்தீங்களா, நான் சொல்லல?" என்றார் மேஸ்திரி.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "ஏண்டி பொய் சொல்ற?" என்றாள். மேசையில் இருந்து ஒரு கொடியை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தடவினாள். பனிக்காலத்தில் அம்மாவின் விரல்கள் மரத்துவிடும். கொஞ்ச நேரம் தடவிவிட்டுக் கீழே வைத்தாள்.

"மேடம், இது மூணா அஞ்சான்னு எனக்குத் தெரியல. இலையே தெரியல. புகை மாதிரி இருக்கு. ரொம்ப நாளாவே அப்படித்தான். கை பாத்துக்கும்னு இருந்தேன். அன்னிக்குக் குளுரு, கையும் ஏமாத்திருச்சு. எம்புள்ள மேல தப்பில்ல."

"அய்யோ அக்கா" என்றாள் ரெஜினாக்கா.

இவ்வளவு நாள் நானும் அம்மாவும் சேர்ந்து மூடி வைத்ததை, ஒரே நொடியில் அம்மா திறந்துவிட்டாள். என்னைக் கேட்காமல். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய் மூடவே இல்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, மேஸ்திரியின் முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"பாத்தி ஓரத்துல அஞ்சிலைய வைக்கச் சொன்னது யாரு மேஸ்திரி? மழ பூரா களை எடுக்க ஆள் விடாதது யாரு? வண்டி ஏத்தும்போது பாத்துட்டேன்னு சொன்னது யாரு? எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியல. ஒங்களுக்குத் தெரியுதில்ல?"

"ஏய், யாருகிட்டப் பேசுற?"

"அந்தப் புள்ள பேசட்டும்" என்றார் கவுடர். "மேடம், எல விரிஞ்சதுமே நான் இவருக்கு போன் போட்டேன். அஞ்சு அஞ்சா வருதேன்னு கேட்டேன். வீரிய ரகம், அப்படித்தான் வரும்னாரு."

ஷெட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். மேஸ்திரி கூரையைப் பார்த்தார்.

மேடம் தீர்ப்பு சொன்னார். கவுடருக்கு வேறு நாற்று உடனே கொடுத்துவிட வேண்டும். மேஸ்திரி இனிமேல் கவனமாக இருக்க வேண்டும். அம்மா நாளையில் இருந்து வர வேண்டாம். நான் வேலையில் இருக்கும்வரை வீட்டில் இருந்துகொள்ளலாம்.

ஒருவருக்குக் 'கவனமாக இரு'. ஒருவருக்கு 'வராதே'. இருபது வருடம் தப்பாத கைக்கு அதுதான். இதை எழுதும்போதும் பேனா தாளைக் கிழிக்கிறது.


டிசம்பர் 29

இன்று அம்மாவோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. வேலைக்குத் தனியாகப் போனேன். மூடுபனி இருந்தது. பாதை நன்றாகத் தெரிந்தது.


ஜனவரி 6

அம்மாவின் இடத்தில் என்னை உட்காரவைத்து, அவளுடைய கத்தியையே கொடுத்தார்கள். பிடியில் அவள் சுற்றிய துணி. கவுடருக்கான புது நாற்று.

ஒவ்வொரு குட்டிக்கும் விரிந்த இலை ஒன்றை விட்டுவிட்டு மற்றதை நறுக்கினேன். மேஸ்திரி வந்து நின்றார்.

"முழுசா நறுக்கணும். வாடிப்போகும்."

"ஒரு எல இருந்தாத்தான் எண்ண முடியும். நடுறவங்களும் எண்ணணும், ஏத்துறவங்களும் எண்ணணும். வாடாம நான் தண்ணி தெளிச்சுக்கறேன்."

"இப்பல்லாம் நல்லாப் பேசுற."

பேச வேண்டியதைப் பேசியாயிற்று. நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்தேன். சில வாடின. பெரும்பாலும் நின்றன.


ஜனவரி 11

கவுடர் நாற்று எடுக்க வந்தார். ஏற்றும் முன் ஒவ்வொரு ட்ரேயாகக் குனிந்து எண்ணினார், மேஸ்திரியைப் பக்கத்தில் நிற்கவைத்து. எனக்கு ஒரு வாரச் சோறு சாப்பிட்டதுபோல் இருந்தது.

அவர் தோட்டத்தில் இருந்த அஞ்சிலையை என்ன செய்தார் என்று கேட்டேன். நானாகவே கேட்டேன். வயலில் இருந்ததைப் பிடுங்கிவிட்டாராம். அவர் சம்சாரம் கொஞ்சத்தைக் கொண்டுபோய், மண் சரியும் வரப்பு ஓரத்தில் நட்டுவிட்டாளாம். "புடிச்சுக்குது. மழக்கி அந்த வரப்பு நிக்குதா பாக்கலாம்" என்றார்.

போகும்போது, "அம்மாவ கண் முகாமுக்குக் கூட்டிட்டுப் போனியா? எங்க ஊர் ஸ்கூல்ல அடுத்த ஞாயித்துக்கெழம வெக்கறாங்க. கூட்டிட்டு வா" என்றார். முதலில் அதைச் சொன்னது அவர்தான். நாற்று நஷ்டமானது அவருக்கு.


ஜனவரி 18

முகாம். வரமாட்டேன் என்று அம்மா அடம்பிடித்தாள். "குருடின்னு எழுதிக் குடுத்துருவாங்க." நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரிடம் அம்மாவுக்குப் பதில் நானே பேசினேன். இரண்டு கண்ணிலும் புரை. முற்றியிருக்கிறது. ஆபரேஷன் செய்தால் தெரியுமாம்.

இவ்வளவுதானா? இந்த ஒரு வார்த்தைக்காகவா இத்தனை வருடம் இரண்டு பேரும் மூடுபனி மூடுபனி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்? யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல், பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரரிடம் சர்க்கரை குறைவு என்று சண்டை போட்டேன். அம்மா ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.


பிப்ரவரி 2

டின்னில் அஞ்சிலை துளிர்த்துவிட்டது. ஐந்து ஐந்தாக, சரியாக.

அம்மாவை நாளை முகாம்காரர்களின் வேனில் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போகிறார்கள். முதலில் வலது கண். நானும் கூடப் போகலாமாம். மேஸ்திரியிடம் லீவு கேட்டேன். கொடுக்கவில்லை. மேடத்துக்கு நானே போன் போட்டேன். கொடுத்துவிட்டார்.


பிப்ரவரி 4

காலையில் அம்மாவின் கண்கட்டை அவிழ்த்தார்கள். நர்ஸ் மருந்து விட்டு, ஈரம் துடைத்து, கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டார். "என்ன தெரியுது, சொல்லுங்கம்மா" என்றார்.

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெடிப்பு வெடிப்பாக இருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் என்னவோ சொல்லப்போகிறாள் என்று நான் கட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏண்டி," என்றாள் அம்மா, "இத்தன வருஷமா மூஞ்சிய இப்பிடிக் கோவமாத்தான் வெச்சுக்கிட்டு இருந்தியா?"